வறுத்தது என்று?

காப்பிப்பொடி வாங்கும்போது பீபெரியா, பிளாண்டேஷனா என்று வினவுகிறோம். சிக்கரியின் அளவைச் சொல்கிறோம். கொட்டையை என்று வறுத்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. சுவையின் பெரும்பகுதியை முடிவு செய்வதோ அந்த நாள்தான்.

வறுபட்ட கொட்டை கரியமில வாயுவை மெல்ல வெளியேற்றும். மணமும் உடன் கழியும். கொட்டையாகவே வைத்திருந்தால் சில வாரங்கள் தாங்கும். பொடித்தால் சில நாள்களே. ஆகவே, கண்ணெதிரே அரைத்துத் தருவது மட்டுமே புதுமைக்குச் சான்றாகாது. மணமிழந்த பொடியின் குறையைச் சிக்கரியின் கருநிறமும் கசப்பும் மறைத்துவிடுகின்றன. கலவையில் காப்பி 51 விழுக்காடு இருந்தாலே சட்டத்திற்குப் போதும்.

2013-இல் தொடங்கப்பட்ட புளூ டோக்காய் போன்ற நிறுவனங்கள் வறுத்த தேதியை உறையில் அச்சிட்டு வீட்டுக்கே அனுப்புகின்றன. விலை கூடுதல்தான், ஆனால் நாம் பெறவேண்டிய தகவல் அதில் இருக்கிறது.

எனினும், நம் தெருவிலேயே வறுக்கும் கடை இருந்தால் அதுவே முதல் தேர்வாக வேண்டும். ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் நூலுக்குத் தலைப்பிட்டார். வறுக்கும் கடைகள் மறைந்தால், காப்பி மணத்த தெருக்களும் ‘அந்தக் கால’க் கதையாகிவிடும். எனவே தேதியைக் கேட்போம். கிலோக்கணக்கில் வாங்காமல், வாரத்துக்கு 200 கிராம் கொட்டையாக வாங்கி, அன்றன்றைக்கு வீட்டில் அரைப்போம். கேட்பவர் பெருகினால் கடைக்காரரும் வாரந்தோறும் வறுப்பார். அக்கடைகள் பிழைக்க அதுவே வழி. அத்தகைய கடை இல்லாத ஊரார்க்கு அஞ்சல் இருக்கவே இருக்கிறது.