புது வர்ணப் பெட்டி

பிறந்தநாட் பரிசாக வந்த எண்ணெய்ப் பாஸ்டல் பெட்டி எத்தனையோ இல்லங்களில் அலுமாரியின் மேற்றட்டிலேயே உறங்குகின்றது. “முறித்துப் போடுவாய், பிறகு தருகிறேன்” என்பாள் தாய். பிள்ளையோ, ஒரே உயரமாய் வரிசைப்பட்டுக் கிடக்கும் குச்சிகளின் அழகைக் குலைக்க மனமின்றி, பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும். இருவருக்கும் சேர்த்தே இன்று எழுதுகின்றேன். முதல் வேலையாக, ஒரு குச்சியை எடுத்து இரண்டாய் முறித்துவிடுங்கள்! சுற்றியுள்ள கடதாசியை உரித்து, துண்டைப் பக்கவாட்டிற் கிடத்தித் தேய்த்தால் வானமும் வயலும் நொடியில் நிரம்பும். நுனியைக் கொண்டே வானத்தை நிரப்பப் புகுந்த பிள்ளை கை சலித்துப் பாதியில் எழுந்துவிடும்.

இக்குச்சி யப்பானிலே பிறந்தது. அங்குள்ள பள்ளிகளில், பாடநூற் படங்களைப் பார்த்து அப்படியே வரைவதே ஒரு காலத்திற் சித்திரக் கல்வியாக இருந்தது. யமமோட்டோ கனாயே என்ற ஓவியர் 1916 இல் ஐரோப்பாவிலிருந்து ருஷ்யா வழியாக ஊர் திரும்புகையில், அந்நாட்டுச் சிறுவரின் சித்திரங்களைக் கண்டு வியந்தார். பிள்ளைகள் தாம் கண்டதைத் தம் கண்கொண்டே வரையட்டும் என்று ஊரிலே இயக்கம் நடத்தினார். அவ்வியக்கத்தின் சூழலிலேதான் ‘சக்குரா’ நிறுவனம் 1925 இல் ‘கிரேபாஸ்’ என்ற பெயரில் இக்குச்சிகளை வெளியிட்டது. கோடைக்கு வன்மையானவை, குளிர்காலத்துக்கு மென்மையானவை என முதலில் இரு வகை செய்தார்களாம். நமது வெயிலுக்கு எது பொருந்தியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

வர்ணத்தூளும் மெழுகும், உலராத எண்ணெயும் சேர்ந்ததே இக்குச்சி. உலராத எண்ணெய் என்பதை மறவாதிருங்கள். நன்மையும் தொல்லையும் அதிலேதான் உள. வழவழப்பான கடதாசியில் இது வழுக்கும். சற்றுச் சொரசொரப்பானதே ஏற்றது. பொதி சுற்றும் மண்ணிறக் கடதாசியும் நன்று. வெள்ளைக் குச்சியின் அருமை அதிலேதான் தெரியும்.

ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மேசையில் வைத்து, யன்னல் ஒளி எப்பக்கம் விழுகின்றதென்று பாருங்கள். பழம் முழுவதிலும் மஞ்சளை இலேசாகப் பூசுங்கள். கன்னம் சிவந்த இடத்திற் செம்மஞ்சள், காம்பருகே பச்சை. எப்பொழுதும் இளநிறம் முன்னும் கருநிறம் பின்னுமாகவே வரவேண்டும். முறை மாறினால் மஞ்சட் குச்சி பச்சையை அள்ளிக்கொண்டு அழுக்காகிவிடும்; பழஞ்சீலைத் துண்டொன்றால் நுனியை அடிக்கடி துடையுங்கள். நிழலுக்குக் கறுப்பை எடுக்கும் கையைச் சற்றுத் தடுத்து, ஊதாவையோ நீலத்தையோ மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு பழத்தை அழுகச் செய்துவிடும்! இறுதியில் நிறங்கள் சந்திக்கும் எல்லைகளை விரலால் நீவிவிடுங்கள். முழுவதையும் நீவினால் மினுக்கம் போய்ச் சேறாகும். எங்கே நிறுத்துவதென்பது பழகப் பழகவே வரும்.

இளையவர்கள் மிக விரும்புவது வேறொன்று. கடதாசி முழுவதும் பல நிறங்களை அழுத்திப் பூசி, அதன்மேற் கறுப்பை மூடி, தென்னை ஈர்க்கினாற் கீறினால், இருளைக் கிழித்துக்கொண்டு நிறங்கள் எழும். கறுப்புக் குச்சி ஒன்று தீர்ந்துபோகும், போகட்டும்.

என் பள்ளிக்காலச் சித்திரக் கொப்பியை அண்மையில் திறந்தேன். அம்மா அடுப்படியில் இருப்பதாக வரைந்த படத்தின் முகம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொப்பிகளின் அடியில் ஆண்டுக்கணக்காய் அழுந்திக் கிடந்த படம் அது. ஆதலாற் பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை வரைந்ததை நாளைக்கே கட்டி அடுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் மீதும் ஓர் எண்ணெய்க் கடதாசியை இட்டு, பாரமேற்றாமல், வெயில் படாத தட்டில் வையுங்கள். கண்ணாடிச் சட்டமிடுவதானால், கண்ணாடி படத்திற் படாதவாறு விளிம்பில் தடித்த மட்டை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள்.