கடாரத்தை வானத்திலிருந்து தேடுகிறவர்கள்

ஏஐ வந்து கடாரத்தைக் கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கை நம் இளைஞர்களிடம் பலமாகவே இருக்கிறது. அதற்கு அத்தாட்சியாகப் புலனக் குழுக்களில் காணொலிகள் வந்தபடி இருக்கின்றன. குனோங் ஜெராய் மலையடியில் தஞ்சைப் பெரிய கோயிலைப் போல ஒரு கோபுரம், எதிரே துறைமுகம், புலிக்கொடி பறக்கும் கப்பல்கள், பின்னணியில் உறுமி. கீழே யாராவது எழுதியிருப்பார்: 'சேட்டிலைட்டும் ஏஐயும் சேர்ந்தா மறைச்சு வெச்சதெல்லாம் வெளிய வந்துடும்.'

எனக்கு இதில் ரெண்டு கோபம். சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த சண்டிகளில் நமக்குத் தெரிந்த கோபுரம் கிடையாது. செம்பூரான் கல்லிலோ செங்கல்லிலோ கட்டிய ஒரு மேடை, அதன்மேல் தூண் நிறுத்தக் குழி வெட்டிய கல் பீடங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான் மிச்சம். தூணும் கூரையும் மரம். மழையும் கரையானும் எப்போதோ தின்றுவிட்டன. மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டியிருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டியை ஒருமுறை நேரில் பார்த்தவர் அந்தக் காணொலியைப் பகிர மாட்டார். படம் வரையும் ஏஐ தஞ்சாவூரைத் தின்று வளர்ந்தது, அதனால் தஞ்சாவூரையே கக்குகிறது. பூஜாங் சண்டி அதற்கு யார் ஊட்டினார்கள்?

பெரிய கோபம் 'மறைச்சு வெச்சது' என்ற சொல்லின் மேல்.

2013இல் பதினோராம் எண் சண்டியை இடித்தார்கள். வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன் செய்த இயந்திரங்கள் அதையும் சேர்த்தே சமன் செய்தன. ஆண்டு முடியும் தறுவாயில்தான் செய்தி வெளியே வந்தது. அந்தச் சண்டி காட்டுக்குள் ஒளிந்திருந்ததா? இல்லை. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் 1930களில் இந்தப் பகுதியில் 30 இடங்களை ஆராய்ந்து, எண் போட்டு, 1940இல் அறிக்கையாகவே அச்சிட்டுவிட்டார்கள். எண் இருந்தது, அறிக்கை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: அரசிதழில் பதிவு. நிலம் தனியாருடையது, இடம் கெஜட் செய்யப்படவில்லை என்று மாநில அரசுத் தரப்பு சொன்னது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005லிருந்தே இருக்கிறது. எட்டு வருஷம் போதவில்லை.

இதில் எந்த இடத்தில் ஏஐ வந்து உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு பொருளைத்தான் நாம் தொலைத்தோம்.

தொழில்நுட்பத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. பெருவின் நாஸ்கா பாலைவனத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் கண்டறிந்த உருவக் கோடுகள் 430. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, வான்படங்களை ஏஐயிடம் கொடுத்துத் தேட வைத்து, அது காட்டிய இடங்களுக்கு ஆறு மாதம் நடந்தே போய்ச் சரிபார்த்து, 303 புதிய உருவங்களைச் சேர்த்தார்கள். 2024இல் வெளியானது. பிரமிப்பான வேலைதான். ஆனால் அது பாலைவனம். புல் பூண்டு இல்லை, கோடு அப்படியே தரையில் கிடக்கிறது.

கெடாவின் கதை வேறு. இங்கே தரைக்கு மேல் காடு, பால்மரம், செம்பனை, நெல் வயல். இலவசமாகக் கிடைக்கிற சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். சண்டி மேடை ஒன்று அதில் ஒரு புள்ளி, மிஞ்சிப்போனால் சில புள்ளிகள். அதுவும் செம்பனை மட்டை மூடியிருந்தால் பூஜ்யம். இலைகளின் இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்ப லேசர் கதிர் வேண்டும், அதுதான் லைடார். விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ கட்டிப் பறக்க வேண்டும். அங்கோர் பகுதியில் 2012இல் 370 சதுர கிலோமீட்டரும், 2015இல் கம்போடியாவின் பல இடங்களில் ஏறத்தாழ 1,900 சதுர கிலோமீட்டரும் அப்படி அளந்தார்கள். காட்டுக்கு அடியில் தெருக்களும் குளங்களும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அந்தப் படங்களை மட்டும் வைத்துப் பழக்கிய ஏஐயைக் கெடாவுக்குக் கொண்டுவந்தால் அது அங்கோரைத்தான் தேடும். பூஜாங்கில் கட்டம் கட்டமான நகரம் இல்லை. ஆற்றோரம் சிதறிக் கிடக்கும் மேடைகள், இரும்பு உலைகள். அதைப் பழக்க நம்மூர் மாதிரிகள்தான் வேண்டும். அந்த மாதிரிகள் எங்கே? அதில் ஒன்றைத்தான் 2013இல் இடித்தோம்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு மெக்சிகோவில் நடந்தது. கம்பேச்சே மாநிலத்தில் ஒரு முழு மாயா நகரம். லூக் ஆல்ட்-தாமஸ் என்ற முனைவர் பட்ட மாணவர் கண்டுபிடித்து 2024இல் வெளியிட்டார். வலேரியானா என்று பெயர் வைத்தார்கள். அவர் காட்டுக்குள் அரிவாள் தூக்கிப் போகவில்லை, புது விமானம் பறக்கவிடவில்லை. காடு எவ்வளவு கரியைத் தேக்கி வைத்திருக்கிறது என்று அளக்க 2013இல் யாரோ எடுத்து இணையத்தில் போட்டிருந்த லைடார் தரவு, கூகுள் தேடலில் ஏதோ பதினாறாம் பக்கத்தில் அவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். தரவு திறந்திருந்தது, ஒரு மாணவர் பொறுமையாகப் பார்த்தார்.

அதே 2013. அங்கே அளந்ததைத் திறந்து வைத்தார்கள். இங்கே அச்சில் இருந்ததையே பெயர்த்துப் போட்டார்கள்.

இடங்களை வெளியிட்டால் திருடர்கள் வருவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் தொல்லியலாளர் சாரா பார்க்காக் குளோபல்எக்ஸ்புளோரர் என்ற திட்டத்தைத் தொடங்கி, பெருவின் படங்களைப் பொதுமக்களிடம் பார்க்கக் கொடுத்தபோது, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இடம் தெரியாதபடிதான் கொடுத்தார். வழி இருக்கிறது. தவிர, பதினோராம் சண்டியை எந்தத் திருடனும் தூக்கிப் போகவில்லை. அனுமதி வாங்கிய வேலைக்கு வந்த இயந்திரம் இடித்தது. குறைந்தபட்சம் நில அலுவலகத்துக்கும் நகராண்மைக்கும் நில உரிமையாளருக்கும் தெரியட்டுமே. அவர்களுக்கே தெரியாத ரகசியத்தை யாரிடமிருந்து காக்கிறோம்?

ஆக, இந்தக் கருவிகளால் நமக்கு உடனடியாக ஆகக்கூடிய காரியம் கண்டுபிடிப்பு அல்ல, காவல். சண்டி மேடை பத்து மீட்டர் புள்ளியில் தெரியாமல் போகலாம். பச்சை நிலம் ஏக்கர் கணக்கில் சிவப்பு மண்ணாக மாறுவது தெரியாமல் போகாது. 2013இலேயே லேண்ட்சாட் 8 பதினாறு நாளைக்கொரு முறை கெடாவுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. இப்போது சென்டினல்-2 ஐந்து நாளைக்கொரு முறை போகிறது. மேகம் மறைத்தால் ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. தெரிந்த இடங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் மண் கிளறப்பட்டால் எச்சரிக்கை அனுப்பும் நிரலை நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு செமஸ்டரில் எழுதிவிடுவார்கள். வட்டம் போடப் பட்டியல் வேண்டும். பட்டியலுக்கு எல்லைக் கல் வேண்டும். எல்லைக் கல்லுக்கு கெஜட் வேண்டும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் கிளார்க் மேசைக்கே வந்து நிற்கிறோம். காணொலியில் இது எடுபடாது, தெரியும்.

நம்மவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். சுங்கை பத்துவில் 2009லிருந்து அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டி வருகிறது. இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய மண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அந்தக் குழாயைப் பிசைந்தவன் யார், அந்த இரும்பு எங்கே போனது என்று எந்தக் குழுவிலும் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 1025இல் ராஜேந்திரன் வந்தானா, வென்றானா, அது மட்டும்தான் நமக்கு வேண்டும். அவன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே துறைமுகம் இருந்தது. புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு பல்லவ எழுத்தில், சமஸ்கிருதத்தில், பௌத்தம் பேசுகிறது. இதெல்லாம் நம் காணொலிக்கு ஒத்துவராத சங்கதிகள். வெற்றியை மட்டும் தேடுகிறவருக்கு ஏஐ வெற்றியை மட்டுமே வரைந்து கொடுக்கும். மேடையும் உலையும் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கின் சண்டிகளில் எத்தனை கெஜட் ஆகியிருக்கின்றன, ஒவ்வொன்றின் லோட் எண் என்ன, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேசிய மரபுடைமைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். மலாயில் ஒரு பக்கம்தான் வரும். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இதழுக்கு எழுதுங்கள். காணொலி அனுப்ப வேண்டாம்.