நீங்களே பார்த்துப் போடுங்க!

எங்கள் ராயபுரத்தில் மீன் வாங்க ஒரு சுலப வழி உண்டு. காசிமேட்டிலிருந்து கூடையில் கொண்டுவரும் வாடிக்கை அம்மாவிடம், "நீயே பார்த்துக் குடும்மா" என்று சொல்லிவிட்டால் போதும். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டாம். மீன் சரியில்லாத நாளில், "இன்னிக்கு வேணாங்க்கா, நாளைக்கு வாங்கிக்கோ" என்று அந்தம்மாவே கூடையை மூடிக்கொண்டு போய்விடுவார்.

ஜப்பானியர்கள் இதையே ஒரு சாப்பாட்டு முறையாக வைத்திருக்கிறார்கள் என்பது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. 'ஒமகாசே' என்று பெயர். "உங்களிடமே விட்டுவிட்டேன்" என்று அர்த்தமாம். மெனு கார்டு கிடையாது. சமைப்பவர் எதைக் கொடுக்கிறாரோ அதைச் சாப்பிட வேண்டியதுதான்!

எட்டே நாற்காலி போட்ட சின்னக் கடை. ஒரு நீளப் பலகை. அந்தப் பக்கம் சமையல்காரர், இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வண்டி முன்னால் நிற்போமே, அதே மாதிரி நம் கண் எதிரிலேயே கையால் செய்து கொடுக்கிறார். "சுஷியும் முதலில் தெருக்கடைப் பலகாரம்தான் அத்தே" என்றாள் மருமகள். 1820-களில், அன்று எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவில், ஹனாயா யோஹேய் என்பவர் இதைப் பிரபலமாக்கியதாகச் சொல்கிறார்கள். அதற்கும் முந்திய சுஷி நம்ம கருவாட்டுக்குத் தங்கை! உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் வைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து, சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் சாப்பிடுவார்களாம். அந்தப் புளிப்புக்குப் பதிலாகத்தான் இப்போது சோற்றில் வினிகர் கலக்கிறார்கள்.

இளஞ்சூடான சோற்றை ஒரு வாய் அளவுக்குப் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு மீனை வைத்தார். பச்சை மீன்! மீனிலேயே வளர்ந்த எனக்கே வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. ஆனால் என் கவலை அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளுக்கு அப்போது மூன்றாவது மாதம்.

சொல்லலாமா, கூடாதா? சொன்னால், "வந்த இடத்திலும் மாமியார் அதிகாரம்" ஆகிவிடும். சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நெஞ்சு படபடவென்று அடித்தது. பலகைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அதற்குள் அவள் தட்டில் ஒரு துண்டு வந்து விழுந்தது. நன்றாகச் சுட்ட விலாங்கு மீன்! அடுத்தது வெந்த இறால். அதற்கடுத்து முட்டையில் செய்த ஒரு கேக் மாதிரி. அவள் சிரித்துக்கொண்டே, "இடம் சொல்லி வைக்கும்போதே கேட்டாங்க அத்தே, யாருக்கு என்ன ஒத்துக்காது, யாராவது மாசமா இருக்காங்களான்னு. எல்லாம் சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

என் கதையைக் கேளுங்கள். வசாபி என்ற பச்சைக் காரம் மூக்கில் ஏறி என் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அடுத்த துண்டில் காரம் இல்லை! பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "27 வருஷமா நான் என்ன சாப்பிட்டேன்னு நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று இவரைக் கேட்டேன். இவர் அவசரமாக ஒரு துண்டு இஞ்சியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, காசிமேட்டு மீனை வாங்கிப் பச்சையாகச் செய்து பார்க்காதீர்கள். கடல் மீனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். எலுமிச்சம்பழமோ வினிகரோ கொஞ்சம் உப்போ சேர்த்தால் அது செத்துவிடும் என்று நம்ப முடியாது. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாளாவது வைத்திருப்பது ஒரு பாதுகாப்பு வழிமுறை. நம் வீட்டு ஃபிரிட்ஜை நம்பி அதைச் செய்ய முடியாது. அப்படி உறைய வைத்தாலும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. அதனால் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பச்சை மீன் வேண்டவே வேண்டாம். நன்றாக வெந்த மீன் அவர்களுக்கு நல்லதுதான்.

இன்னொன்று. சூரை, கானாங்கத்தை மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் வாங்காதீர்கள். அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு, குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு எல்லாம் வரும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டிலும் தினமும் ஒமகாசேதானே? நாம் போடுவதை எல்லாரும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சமையல்காரர் போடுவதற்கு முன்னால் கேட்டார். போட்ட பிறகு முகத்தைப் பார்த்தார். நான் "சாப்பிடு, சாப்பிடு" என்று அள்ளி வைத்ததைத் தவிர வேறென்ன செய்தேன்?

வளைகாப்புக்கு மருமகள் வருகிறாள். இந்தத் தடவை முதலில் போன் போட்டுக் கேட்டேன், என்ன பிடிக்கும், எது குமட்டுகிறது என்று. கருவாட்டு வாசனையே ஆகவில்லையாம்! கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதைத்தான் ஆசை ஆசையாகச் செய்து போட்டிருக்கிறேன். பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி வாய் திறக்காமல் சாப்பிடுகிறார்களா? இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்!