"கேஷைக் கிளியர் பண்ணுங்கோ" எண்டால் முடிஞ்சுதா?

பாஸ்வேர்ட் சரி. யூசர் நேமும் சரி. ஆனாலும் லொகின் பக்கம் திரும்பத் திரும்ப அதே இடத்திலேயே வந்து நிற்கும். உதவி கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்கோ." இந்தப் பதிலை நாங்கள் கேள்வி இல்லாமல் ஏற்கக் கூடாது.

முதலில், கேஷ் வேறு, குக்கி வேறு. ஒரு தளத்தின் படங்களையும் ஸ்கிரிப்ட்டுகளையும், சிலவேளை முழுப் பக்கத்தையுமே பிரவுசர் எடுத்து வைப்பதுதான் கேஷ். டேட்டா மிச்சம், நேரமும் மிச்சம். குக்கி, நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று தளம் அடையாளம் காண வைக்கும் சின்னக் குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் பிரவுசரோடு வந்தது. பல தளங்களின் லொகின் பக்கத்துக்குள் இரகசிய எண் ஒன்றும் ஒளிந்திருக்கும். கேஷில் கிடந்த பழைய பக்கம் திறந்தால் பழைய எண்தான் போகும். சேர்வர் அதை ஏற்காது. பிழை உங்கள் பாஸ்வேர்டில் இல்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தால் மற்றத் தளங்களில் இருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். அவசரத்தில் பாஸ்வேர்ட் கட்டத்தையும் டிக் பண்ணினால் கதை கந்தல். அதற்கு முதல் இன்கொக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே லொகின் ஆகுது எண்டால், அந்த ஒரு தளத்தின் டேட்டாவை மட்டும் அழித்தால் போதும். அங்கேயும் சரிவராவிட்டால் போனின் திகதி, நேரம் சரியா எண்டு பாருங்கள். அதுவும் சரியெண்டால் பிழை பெரும்பாலும் தளத்தின் பக்கம்தான்.

உண்மையான பொறுப்பு தளத்தைச் செய்தவர்களுடையது. லொகின் பக்கத்தை எடுத்து வைக்காதே என்று பிரவுசருக்குச் சொல்ல, 'கேஷ்-கொன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' என்ற ஒரு வரி இருக்கிறது. அதைப் போடாமல் விட்டால், கொம்யூனிகேஷன் கடைக் கணினியில் ஒருவர் லொக்-அவுட் பண்ணிப் போன பிறகும், 'பேக்' அழுத்துகிறவருக்கு அவருடைய பக்கம் தெரியலாம். விண்ணப்ப முடிவுத் திகதியன்று இரவு உள்ளே போக முடியாமல் நிற்கும் பிள்ளைக்கோ, "எனக்கு உதெல்லாம் விளங்காது" எண்டு போனை நீட்டும் அம்மாவுக்கோ அந்த ஒரு வரி சின்ன விஷயமில்லை.

ஆகவே அடுத்த முறை பேசாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். "இன்கொக்னிட்டோவில வேலை செய்யுது, சாதாரண விண்டோவில செய்யேல்ல" எண்டு அவர்களுக்கு எழுதுங்கள். திருத்த வேண்டியவருக்கு எங்கே தேடுவது எண்டு அந்த ஒரு வசனம் சொல்லிவிடும்.