அளவுகோலை அளத்தல்

எண் ஒன்று தனித்து நின்று உண்மையை உரைப்பதில்லை. தக்கதொரு பொருளோடு ஒப்பிட்டவழியே அது பயன்படும். உயிரியல் ஆய்வில் இக்கருத்து மிகவும் இன்றியமையாதது.

மனித உடலின் உயிரணுக்களுள் பெரும்பாலானவற்றில் ஒரே மரபணுத் தொகுதியே அமைந்துள்ளது. ஆயினும், எல்லா மரபணுக்களும் எல்லா இடத்தும் ஒரே அளவில் தொழிற்படுவதில்லை. தொழிற்படும் மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் பொருளாகப் படியெடுக்கப்படும். அப்படிகளின் மிகுதி குறைவுகளைக் கொண்டு மரபணுவின் தொழிற்பாட்டை அறிஞர் கணிப்பர். இதுவே மரபணு வெளிப்பாட்டை அளத்தல் எனப்படும்.

இவ்வளவையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோயுற்ற திசுவையும் நோயற்ற திசுவையும் ஒருவர் ஆய்வதாகக் கொள்வோம். முன்னதில் உயிரணுக்கள் மிகுந்திருக்கலாம், பின்னதில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கலாம். இரண்டிற்குமிடையே இரு மடங்கு வேறுபாடு தோன்றின், அது நோயால் விளைந்ததோ, எடுத்த பொருளின் அளவால் விளைந்ததோ என்று எங்ஙனம் துணிவது?

இவ்வையத்தை நீக்கவே ஒப்பீட்டு மரபணுக்கள் வேண்டப்படுகின்றன. உயிரணு வாழ்வதற்கு எப்போதும் தேவைப்படும் மரபணுக்கள் சில உள. அவற்றுள் பெரிதும் மாறாதவற்றையே ஒப்பீட்டிற்குக் கொள்வர். ஆய்வுக்குரிய மரபணுவும் ஒப்பீட்டு மரபணுவும் ஒருங்கே இரு மடங்காயின், மிகுந்தது எடுத்த பொருளே. முன்னது மட்டும் மிகுந்திருப்பின், வேறுபாடு மெய்யெனக் கொள்ளலாம்.

எடைக்கல்லே தேய்ந்திருப்பின் நிறை எவ்வாறு சரியாகும்? 2002ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக் கென்ட் பல்கலைக்கழக அறிஞர்கள், ஒப்பீட்டிற்குரிய பத்து மரபணுக்களைப் பலவகை மனிதத் திசுக்களில் ஆய்ந்தனர். ஒன்றை மட்டும் நம்பினால் பெரும்பிழை நேரக்கூடும் எனக் கண்டனர். மாறாமையைச் சோதித்து, குறைந்தது மூன்று மரபணுக்களின் சராசரியைக் கொள்ளுதலே தக்கது என்பது அவர்தம் முடிவு.

இத்துணை முயற்சி வீண் என்பார் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய்க்குரிய சோதனை ஒன்றில் 21 மரபணுக்கள் அளக்கப்படுகின்றன. அவற்றுள் 16 நோயைப் பற்றியவை. எஞ்சிய 5 ஒப்பீட்டிற்கெனவே அமைந்தவை. நோயாளிக்குக் கீமோதெரபி என்னும் கடுமையான மருத்துவம் வேண்டுமா, வேண்டாவா என மருத்துவர் துணிவதற்கு அச்சோதனை துணைபுரிகின்றது. அளவுகோல் பிழைபடின், வேண்டாதவர் மருந்தின் துன்பத்தை வீணே நுகர்வர். வேண்டியவர் அதன் பயனை இழப்பர்.

ஆதலின், பொருளை அளக்குமுன் அளவுகோலை அளத்தல் ஆய்வாளரின் முதற்கடமையாகும்.