சுவரில் தொங்கும் சர்டிபிகேட் கம்பு சுற்றுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி... எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒரு தட்டி கண்ணில் படுகிறது. காலைத் தூக்கி உதைத்தபடி நிற்கிறார் ஒரு மாஸ்டர். "கராத்தே, சிலம்பம், குத்துவரிசை கற்றுத் தரப்படும். சேர்க்கை நடைபெறுகிறது!"

சேர்க்கைக்குக் குறைவே இல்லை. கடைக்காரர் மகன் சேர்கிறான். கிளார்க் மகள் சேர்கிறாள். சம்பா நெல் போட்ட காசில் சீருடை வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார் விவசாயி. பையனுக்கு உடம்பு தேறும், பெண்ணுக்குத் தைரியம் வரும் என்பது பெற்றோர் போட்ட கணக்கு. இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. அது வேலைக் கணக்கு!

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்தப் பட்டியலில் சிலம்பமும் ஏறிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. களத்துமேட்டுக் கம்புக்குக் கிடைத்த மரியாதை. சந்தோஷம்தான்.

ஆனால் நெல் விளைகிற வயலில் பதரும் சேர்ந்துதான் வருகிறது. நல்ல ஆசான் யார்? போர்டு மாட்டிய ஆசாமி யார்?

லைசென்ஸ் கிடையாது!

ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். ஊரான் பிள்ளைக்குக் கராத்தே கற்றுக் கொடுக்க அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. வெள்ளைச் சீருடை மாட்டி, இடுப்பில் கருப்புப் பட்டை கட்டினால் அவர் மாஸ்டர்!

கேட்டால் சுவரைக் காட்டுகிறார்கள். கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. "அகில உலக" என்று தொடங்கும் சங்கத்தின் பெயர். கீழே பதிவு எண். அந்த எண் எதற்குச் சாட்சி? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சிலர் கூடி ஒரு சங்கம் பதிவு செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. சங்கத் தலைவருக்குக் கம்பு பிடிக்கத் தெரியுமா என்று பதிவாளர் சோதித்துப் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை.

பெரிய சங்கம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. 2020-ல் உலக கராத்தே சம்மேளனம், இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. மேலே நடந்த தகராறுக்குத் தஞ்சாவூர்ப் பையன் என்ன செய்வான், பாவம்!

ஆகவே பணம் கட்டுமுன் அன்னை சத்யா ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். "இந்தச் சங்கம் கொடுக்கிற சர்டிபிகேட் வேலைக்கும் காலேஜ் சீட்டுக்கும் செல்லுமா சார்?" கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான். ஒரு டீ குடிக்கிற நேரம்.

பட்டைக்குப் பணம்

"மாஸ்டர், புள்ளைக்கு எப்ப அடுத்த பெல்ட்டு?"

"அடுத்த மாசம் எக்ஸாம் இருக்குதும்மா. பீஸை மட்டும் கட்டிடுங்க. பாஸ் ஆயிடுவான்!"

பரீட்சை நடக்குமுன்பே ரிசல்ட் வந்துவிட்டது! இப்படிப் பேசுகிற இடத்தில் மாதச் சம்பளத்தோடு விஷயம் முடியாது. பெல்ட்டுக்குத் தனி, சர்டிபிகேட்டுக்குத் தனி, "உலக சாதனை" என்று மணிக்கணக்கில் பிள்ளையைக் கம்பு சுற்ற வைத்துப் போட்டோ எடுப்பதற்குத் தனி. ஏதோ ஒரு தனியார் சாதனைப் புத்தகத்தில் பெயர் வரும். அதைக் கொண்டு போனால் எந்த ஆபீசில் வேலை கிடைக்கும்?

கருப்புப் பட்டை ஒன்றும் ஆதிகாலத்துச் சரக்கு அல்ல. ஜப்பானில் 1882-ல் ஜூடோ பள்ளி தொடங்கிய ஜிகோரோ கானோ கொண்டுவந்த ஏற்பாடு அது. கராத்தேயில் கிச்சின் புனகோஷி முதல் கருப்புப் பட்டைகளைக் கொடுத்தது 1924-ல். பட்டை வருமுன்பே கலை இருந்தது. கலை இல்லாமல் பட்டை மட்டும் வந்தால் அது வெறும் துணி!

நம் ஊர்ச் சிலம்ப வாத்தியார்கள் எடுத்த எடுப்பில் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். முதலில் காலடி. அது படிந்த பிறகுதான் கம்பு. கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்த எம்.ஜி.ஆர். "பெரிய இடத்துப் பெண்" (1963) படத்தில் கம்பு சுற்றினார். யாரும் சர்டிபிகேட்டைப் பார்த்துக் கைதட்டவில்லை. கம்பைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

காகிதம் இல்லாத ஆசான் எல்லாம் போலி என்று சொல்லிவிடக் கூடாது. கிராமத்தில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கற்றுக் கொடுக்கிற பெரியவரிடம் ஒரு சான்றிதழும் இருக்காது. ஆனால் "உங்க வாத்தியார் யாருங்கய்யா?" என்று கேட்டால் தயங்காமல் பெயர் சொல்வார். அவரிடம் கற்றவர்கள் பக்கத்து ஊரிலேயே இருப்பார்கள். விசாரித்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மாணவர்களை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புகிறாரா? சிலம்பத்தில் எதிராளி உடம்பைக் கம்பு தொட்டால் புள்ளி. அங்கே பொய் நிற்காது. தானே போட்டி நடத்தி, தானே நடுவராக உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் பரிசு கொடுக்கிறவர் எதற்கோ பயப்படுகிறார் என்று அர்த்தம்.

கதவு திறந்திருக்கட்டும்

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. 2021-ல் சென்னையில் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர், மாணவி கொடுத்த பாலியல் புகாரில் கைதானார். தைரியம் கற்றுக்கொள்ளப் போன இடத்திலேயே இந்தக் கதி!

இது கையைப் பிடித்து, காலை நகர்த்திச் சொல்லித் தருகிற கலை. அதனால்தான் நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். "பெத்தவங்க நிக்கக் கூடாது, புள்ளைங்க கவனம் போயிடும்" என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் துணைக்குப் பெண் ஆசிரியை வருகிறாரா என்று கேட்க வேண்டும். "அந்த கிளாசுக்குப் போக மாட்டேன்" என்று பிள்ளை அழுதால் சோம்பேறி என்று திட்டாமல் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும். தப்பு நடந்திருந்தால் 1098-க்கு போன் போடலாம். 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. மாஸ்டர் என்று அது யாருக்கும் சலுகை காட்டாது.

பாதிக் குற்றம் பெற்றோர் மேலும் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனுக்குப் பச்சைப் பட்டை வந்துவிட்டதாம், நம் பிள்ளைக்கு இன்னும் மஞ்சள்தானாம்! இந்த அவசரத்தைப் பார்த்துத்தான் பட்டை வியாபாரம் களை கட்டுகிறது. "இன்னும் ஆறு மாசம் போகட்டும், கால் சரியா வரலை" என்று சொல்கிற வாத்தியாரை விட்டு, பணம் கட்டினால் போதும் என்கிறவரிடம் ஓடுகிறார்கள். கையில் இருந்த நல்ல ஆசானை இழக்கிறார்கள்.

விதை நெல் வாங்கும்போது கையில் அள்ளி, ஊதிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து வாங்குகிற ஊர் இது. பெற்ற பிள்ளையை ஒப்படைக்குமுன் அரை மணி நேரம் நின்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்?