கணினி வருவதற்கு முன்பே கற்கலாம்



"வீட்டில் கணினி இல்லையே, சார்! எங்கள் பிள்ளைக்கு அதெல்லாம் எட்டுமா?" என்று கேட்கும் தாய்மார்களுக்காகவே இந்த மாதம் எழுதுகிறேன்.

வேரா மோல்னார் என்றோர் அம்மையார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் 1924-இல் பிறந்து, 1947-இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர். கணினியால் ஓவியம் வரைந்த முன்னோடிகளுள் ஒருவர். ஆனால், அவருக்குக் கணினி கிடைத்தது 1968-இல்தான். அதற்கு முன், 1959 முதலே, தம்மையே ஓர் இயந்திரமாகப் பாவித்துக்கொண்டார். முதலில் விதி ஒன்றை வகுப்பார். பிறகு அந்த விதி சொல்கிறபடி கோடுகளையும் வடிவங்களையும் கையாலேயே வரைவார். அதற்குக் 'கற்பனை இயந்திரம்' என்று பெயரிட்டார். கணினி வந்தபோது வேகம்தான் கூடியது. விதி வகுக்கும் அறிவு அவரிடம் முன்பே இருந்தது. 99 வயது வரை வாழ்ந்து 2023-இல் மறைந்தார்.

கணினிக்கு அழகு தெரியாது. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவருக்கே அது பணியும். அப்படிச் சொல்லும் கட்டளைகளின் வரிசையே நிரல்.

இன்று மாலையே செய்து பாருங்கள். பிள்ளையை வாசலில் நிறுத்தி, "பத்து எட்டு நட, வலப்பக்கம் 90 பாகை திரும்பு, இப்படி 4 முறை செய்" என்று கூறுங்கள். நடந்த தடம் சதுரமாகும். முக்கோணத்துக்கு எத்தனை பாகை? "60" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படியே 3 முறை நடக்கச் சொல்லுங்கள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர முடியாது. 120 பாகை திரும்பினால்தான் வந்து சேரலாம். தவறை நடையே காட்டிவிடும். நாம் அதட்ட வேண்டியதில்லை.

அடுத்து, தாளில் பாகைமானி கொண்டு வரையட்டும். ஒரே அளவுள்ள கோடு, 144 பாகை திருப்பம், 5 முறை. அழகான ஐந்துமுனை நட்சத்திரம் கிடைக்கும்! எண்ணை மாற்றினால் படமும் மாறும்.

பைத்தன் என்னும் கணினி மொழி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'டர்டில்', அதாவது ஆமை, என்றொரு பகுதி உண்டு. வாசலில் நாம் பிள்ளைக்குச் சொன்ன இதே கட்டளைகளைக் கேட்டு, அந்த ஆமை திரையில் கோடு இழுக்கும்.

பள்ளியிலோ நூல்நிலையத்திலோ கணினி முன் அமரும் வாய்ப்பு ஒருநாள் வரும். அன்று உங்கள் பிள்ளை வெறுங்கையோடு போக வேண்டாம். நோட்டுப் புத்தகம் நிறைய விதிகளோடு போகட்டும்.